மச்சான் அடிச்ச கறுப்பு

வெள்ளியா மினுங்கோணும் எண்டு நீங்க ஆசப்பட்டுச் செஞ்ச சாமான ஒருத்தர் கரிக்கறுப்பாக்கினா என்ன செய்வீங்க? நான் அவர்ட பைக்குக்குக் காத்துப் புடுங்கினன். ரெண்டு டயருக்கும்.

அப்ப ஆறாம் வகுப்பு. ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு பைப்புத் துண்டிலயும் கார்ட்போட்டிலயும் ஒரு பிளேன் செஞ்சன். பெருநாளைக்கு வாசல் கேட்டுக்கு அடிச்சு மிஞ்சின சில்வர் பெயின்ட் டின் கிடந்திச்சி, அத எடுத்து பிரஷால இழுத்து உட்டன். காஞ்ச புறகு பாத்தா பிளேனும் கேட்டு மாதிரியே இரிக்கி.

"டேய், இதுக்குக் கொண்டி எங்க?" எண்டு சிரிச்சார் மச்சான். ஒரு மாசத்தில அவர் எனக்குச் சொன்ன மொத வார்த்தை.

என்ட ராத்தாவக் கலியாணம் முடிச்சு எங்கட ஊட்டுக்கு வந்தவர். எங்கட பக்கம் மாப்பிள்ளதானே பொண்ணு ஊட்டுக்கு வாற. வந்தவர் நான் படுத்த ரூமையும் புடிச்சிட்டார், நான் ஹோல்ல பாய்ல. அந்தக் கடுப்புல நான் கதைக்கல்ல. அவரும் கதைக்க மாட்டார். பைக் கராஜில பெயின்ட் அடிக்கிற ஆளுக்கு இவ்வளவு பெருமையா எண்டு நெனச்சன்.

அடுத்த நாள் பள்ளியில ஓதிட்டு வந்து பாத்தா, என்ட சில்வரத் தேச்சு எடுத்திட்டு, பிளேனுக்குக் கறுப்படிச்சுத் தொங்கப் போட்டிருக்கார். அசல் காகம். நாளண்டைக்கு எக்ஸிபிஷன்!

"ராத்தா! ஒன்ட மாப்பிள்ள என்ட பிளேன நாசமாக்கிட்டார்!"

"கத்தாத மனே, அவருக்குத் தெரியும்."

என்ன தெரியும்? போய் காத்தப் புடுங்கினன்.

விடிய மச்சான் டயரப் பாத்தார், என்னப் பாத்தார். பிளேன ஒரு பேக்கில போட்டுக்கிட்டு பைக்க உருட்டிட்டுப் போனார்.

பின்னேரம் கொண்டு வந்து மேசயில வெச்சார். அள்ளாவே! அசல் அலுமினியம். செறகுல என்ட மூஞ்சி தெரியிது.

"அடியில அடிக்கிற கறுப்பு, கண்ணாடி மாதிரி மினுங்கோணும். அதுக்கு மேல சில்வர ஸ்ப்ரேயால லேசா, பனி உழுற மாதிரி உடோணும். கூட அடிச்சா திரும்ப கேட்டுத்தான்."

"பைக் வீலுக்கும் இப்பிடி அடிக்கலாமா?" எண்டு கேட்டன்.

"அடிக்கலாம் மச்சான். நீ காத்துல மட்டும் கை வெக்காத."

உம்மா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அந்த ஊட்டுல பயந்து பயந்து நடந்தது அவர்தான், பிளேன் கெட்டிருந்தா என்ன விட அவருக்குத்தான் கஷ்டம் எண்டது எனக்கு அப்ப வெளங்கல்ல.

கெம்பஸ் படிப்பு முடிச்ச கையோட எனக்கும் கலியாணம். இப்ப பாலமுனையில, பொண்டாட்டிட ஊட்டுல இரிக்கன். வந்து அஞ்சு நாள். அவள்ட சின்னத் தம்பி இன்னும் என்னோட கதைக்கல்ல.

என்ட பைக் முன் டயர்ல காத்தில்ல.