ஸ்டியரிங் இல்லாத பக்கம்

வான் வாங்குவது என்று என் கணவர் முடிவெடுத்தது எனக்குக் கடைசியாகத்தான் தெரியவந்தது. முதலில் அவருடைய கூட்டாளிக்குத் தெரியும். பிறகு பிள்ளைகளுக்கு. என்னிடம் சொன்னது மகன், அதுவும் பாதி பிரெஞ்சில். கண்டறியாத ஒரு காம்பிங், காட்டில் போய்க் கூடாரத்தில் படுப்பதாம், அதற்கு ஒரு வான். அந்த வான் மலையும் ஏற வேண்டுமாம், பின்னுக்குக் கூடார ட்ரெய்லரும் இழுக்க வேண்டுமாம். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வெங்காயம் எடுத்து வெட்டினேன்.

எனக்கு வேண்டியிருந்தது வான் இல்லை, லைசென்ஸ். தொண்ணூறுகளின் கடைசி அது. கனடாவில், லாசால் என்ற இடத்தில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்தெரியில் எனக்கு வேலை. காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும். மாசி மாதக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்கு இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அந்த நேரம் எங்கள் பழைய கார் வாசலில் பனியை மூடிக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கும். இவர் கூட்டாளியின் வாகனத்தில் பெட்டித் தொழிற்சாலைக்குப் போயிருப்பார்.

எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணி, பழகுவதற்கான அனுமதியும் எடுத்துவிட்டேன். பழக்க வேண்டியது இவர்தான். எப்போது கேட்டாலும் பிறகு பிறகு என்று ஒரே பதில்: "பேந்து பாப்பம்." பனிக்காலத்தில் றோட்டு வழுக்கும். பனி கரைந்தால் றோட்டெல்லாம் குழி. கோடையில் சனம் கூட. இலையுதிர் காலத்தில் இலை. இந்த நாட்டில் இருப்பதே நாலு பருவம். நாலுக்கும் இவரிடம் காரணம் இருந்தது.

சரி, வானுக்கு வருகிறேன். கூட்டாளி என்று சொன்னேனே, அவர் ஊரில் சனம் ஏற்றும் மினிவான் ஓடியவர். இவரை விட மூத்தவர் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அண்ணை. வாகன விஷயத்தில் அண்ணை சொன்னால் இவருக்கு அது வேதவாக்கு. சனிக்கிழமை சனிக்கிழமையாக வான் பார்க்கப் போனோம். என்னைக் கூட்டிப்போனது என் அபிப்பிராயம் கேட்க இல்லை. விற்கிறவர்கள் பிரெஞ்சு கதைத்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும், அதற்குத்தான்.

முதலில் கர்க்லாண்டில் ஒரு தமிழ்நாட்டு டொக்டர் வீட்டு வான். உள்ளே எங்கள் வரவேற்பறையை விடத் துப்புரவாக இருந்தது. அண்ணை நிலத்தில் படுத்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு எழும்பி, இது சொகுசு வண்டி, சேற்றில் இறங்காது என்று தீர்ப்புச் சொன்னார். டொக்டரின் மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி தந்துகொண்டிருக்கும்போதே அண்ணை அதைச் சொன்னார். எனக்கு மானம் போனது. அடுத்தது ஒரு ஜீப். அதில் சோற்றுப் பானையை வைத்தால் பிள்ளைகளை வைக்க இடமில்லை, பிள்ளைகளை வைத்தால் பானைக்கு இடமில்லை. பானையை விடலாமே என்று இவர் சொன்னார். காட்டில் என்ன சாப்பிடுவதாக உத்தேசம் என்று கேட்டேன். ஜீப் தள்ளுபடியானது.

கடைசியில் லவாலில் ஒருவர் ஜப்பானிலிருந்து இறக்கி வைத்திருந்த வான். பதினைந்து வயது தாண்டிய வாகனம் என்றால் கனடாவுக்குள் விடுவார்களாம். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும், நல்ல உயரம், பின்னுக்கு ட்ரெய்லர் கொளுவக் கொக்கி, சீற்றை மடித்தால் கட்டில். ஸ்டியரிங் மட்டும் ஊரில் போல வலப்பக்கம்.

இவர் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அவருக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் முதல்முதல் கார் ஓடியபோது இடது கையால் கியரைத் தேடிக் கதவில் குத்திக்கொண்ட மனிதர். இப்போது அந்தக் கை தானாகப் போய்க் கியரில் இருந்தது. இந்த ஊரில் எந்தக் கதிரையிலும் அவர் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து நான் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது பார்க்க. அண்ணை ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வாங்கி எஞ்சினை முடுக்கி முன்தட்டில் வைத்தார். தண்ணீர் சிந்தவில்லை. அத்தோடு முடிந்தது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். இங்கே எல்லோரும் றோட்டின் வலப்பக்கம் போகிறார்கள். இவரும் வலப்பக்கத்தில் இருந்தால், முன்னுக்குப் போகும் லொறியை விலத்தி முந்தும்போது எதிரில் என்ன வருகிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்?

அண்ணை சிரித்தார். தன்னுடைய மினிவானில் கொண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு பார்த்துச் சொல்வான் என்றார். இவர் சொன்னார்: "அதெல்லாம் பழகினால் சரி. உமக்கென்ன விளங்கும் வாகனத்தைப் பற்றி?" விற்கிறவர் நான் கேட்டது என்னவென்று பிரெஞ்சில் விசாரித்தார். வானின் நிறம் நன்றாக இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

அன்றிலிருந்து என் இடம் இடப்பக்கம். இந்த நாட்டில் எல்லா வாகனத்திலும் சாரதி இருக்கும் பக்கம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருப்பவர்கள் என்னைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். நான் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருப்பேன், அல்லது பின்னுக்குத் திரும்பி மகனை அதட்டிக்கொண்டிருப்பேன், வான் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் றோட்டைக் கடந்த ஒரு கிழவி நான் கண்ணை மூடிக் கொட்டாவி விடுவதைக் கண்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதெல்லாம் பகிடி. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நீர் அந்தப் பெரிய வானை ஓடிக்கொண்டு போறதை நான் கண்டனான். என்ன கெட்டித்தனம்!" என்றார். நான் வாயைத் திறக்க முதலே பக்கத்தில் நின்ற இவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அவவோ, அவ சும்மா இருந்து வாறவ, ஸ்டியரிங் இஞ்சாலை, என்ரை பக்கம் எல்லோ என்று விளக்கி, அந்தக் கதையை அன்னதானத்தில் ஒருதரம், செருப்புக் கழற்றும் இடத்தில் ஒருதரம், அண்ணைக்கு ஒருதரம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். மனுசன் பழக்கவும் மாட்டார், பழக்காததை ஊருக்குச் சொல்லிச் சிரிக்கவும் செய்வார்.

கோடை விடுமுறை வந்தது. சண்டைக்குள் இடம்பெயர்ந்து மரத்தடியில் படுத்தது காணாதா, இப்போது காசு கொடுத்துப் படுக்கப் போகிறீர்களா என்று என் தாய் ரெலிபோனில் கேட்டார். நாய் வேசம் போட்டால் குரைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு இடியப்பத் தட்டுக்களை அடுக்கினேன். இவர் தொழிற்சாலையில் ஒருவரிடம் இரவல் வாங்கிய ட்ரெய்லரைக் கொளுவினார். வடக்கே மலைப்பக்கம் புறப்பட்டோம்.

பெருந்தெரு முடிந்ததும் போக ஒரு வழி, வர ஒரு வழி. மரக்குற்றி ஏற்றிய ஒரு லொறி எங்களுக்கு முன்னுக்கு வந்து சேர்ந்தது. மாட்டுவண்டி வேகம். இவருக்குத் தெரிந்தது மரக்குற்றிகள் மட்டும். எனக்கு என் பக்கத்தால் முழு றோட்டும் தெரிந்தது.

"இப்ப வேண்டாம், பஸ் ஒண்டு வருது" என்றேன். இவர் கேட்காமல் வானின் மூக்கை வெளியே நீட்டினார். பஸ் ஹோர்ன் அடித்த அடியில் மூக்கை உள்ளே இழுத்தார். பின்னுக்குச் சம்பல் சட்டி கவிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் றோட்டு வெறுமையானது. "இப்ப போங்கோ" என்றேன். மனுசன் என்ன செய்தார் தெரியுமா? பின்னுக்கு இருந்த மகளைக் கூப்பிட்டு, அம்மா சொல்வது சரியா என்று எட்டிப் பார்க்கச் சொன்னார். பதினொரு வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடி, கழுத்தை நீட்டிப் பார்ப்பதற்குள் எதிரில் நாலு கார் வந்துவிட்டது.

அவ்வளவுதான். நான் கையைக் கட்டிக்கொண்டு வெளியே மாடு பார்க்கத் தொடங்கினேன்.

லொறி ஊர்ந்தது. எங்களுக்குப் பின்னுக்குத் திருவிழா போலக் கார்கள் சேர்ந்து ஹோர்ன் அடித்தன. மகன் மூத்திரம் வருகிறது என்றான்.

"இப்ப போகலாமோ?" என்று இவர் கேட்டார்.

நான் மாடு பார்த்தேன்.

"இஞ்சேரும், உம்மைத்தான்."

"எனக்கென்ன விளங்கும் வாகனத்தைப் பற்றி?"

இவர் லொறிக்குப் பின்னாலேயே இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினார். பிறகு நான் திரும்பி, சத்தம் போடாமல் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் இந்த வானில் என்னைப் பழக்க வேண்டும். கோடையா இலையா என்ற கதை வேண்டாம். அதற்கு ஓம் என்றால், நான் றோட்டைப் பார்த்து ஓம் சொல்வேன்.

"பேந்து பாப்பம்" என்றார்.

"அப்ப லொறியையும் பேந்து பாப்பம்."

பின்னுக்கு மகள் சிரித்துவிட்டாள். இவர் சிரிக்கவில்லை. ஒரு வளைவு போனது, ஒரு பாலம் போனது. லொறியின் புகை முழுக்க எங்கள் வானுக்குள்தான். "சரி. ஓம்" என்றார் கடைசியில், ஸ்டியரிங்குக்குச் சொல்வது போல.

நான் சீற்றில் நிமிர்ந்து இருந்து பார்த்தேன். ஒரு கார் வந்தது, விட்டேன். இன்னொன்று, விட்டேன். பிறகு மலையடிவரை றோட்டில் ஒரு காகம் கூட இல்லை. "இப்ப போங்கோ" என்றேன். இந்தத் தடவை அவர் மகளைக் கேட்கவில்லை. அவருக்கு எதிர்றோட்டுத் தெரியாது, தெரிந்தது என் முகம். அதைப் பார்த்தார், மிதித்தார். வானும் ட்ரெய்லரும் அந்த நீட்டு லொறியைத் தாண்டி முடியும்வரை நான் மூச்சு விடவில்லை.

காம்பிங்கில் மழை பெய்தது, நுளம்பு கடித்தது, அதை எழுதிப் பயனில்லை.

வாக்கை அவர் காப்பாற்றினார், அதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பண்டகசாலையின் வெறும் தரிப்பிடத்தில் பழகினேன். இவர் இடப்பக்கத்தில் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து நிலவிரிப்பில் ஒரு பள்ளம் விழுத்தினார். பனி கொட்ட முதல் லைசென்ஸ் கிடைத்தது. அந்த மாசி மாதம் வேலைக்கு நான் பஸ்ஸில் போகவில்லை.

அடுத்த கோடையில் அதே மலைப் பாதை. ட்ரெய்லரையும் இழுத்துக்கொண்டு வானை நான் ஓடினேன். முன்னுக்கு ஒரு உழவு இயந்திரம்.

"இப்ப போகலாமோ?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. பழிவாங்குகிறாராக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். மனுசன் இரண்டு கையாலும் சீற்றைப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் இருந்தார். றோட்டு வெறுமையாகத்தான் இருந்ததாம். ஆனால் போ என்ற சொல் வாயில் வரவில்லையாம்.

"பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு அண்டைக்கு நீர் எப்பிடியப்பா சொன்னனீர்?" என்று கேட்டார்.

நான் வேகத்தைக் குறைத்தேன். காம்பிங் வாசல்வரை உழவு இயந்திரத்துக்குப் பின்னாலேயே போனோம். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

திரும்பி வந்து கோயிலுக்குப் போனால், அதே அம்மா. இந்தத் தடவை எங்களைக் கூடார ட்ரெய்லரோடு, இடப்பக்கத்தில் இவர் இருக்கக் கண்டிருக்கிறார். இவரைப் பார்த்து, உவ்வளவு பெரிய ட்ரெய்லரையும் கொளுவி என்ன அருமையாக ஓடுகிறீர்கள் தம்பி என்றார். சுற்றிவரச் சனம், பக்கத்தில் அண்ணை. நான் இவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நானில்லை அம்மா. ஓடினது இவ" என்றார். பிறகு, முழுவதையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "நான் பக்கத்திலை இருந்து றோட்டுப் பாத்தனான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.