சுவருக்கு அந்தப் பக்கக் குழாய்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் மல்வேர்னில், எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடி. என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம், தனியாக வசிக்கும் ஒரு பலஸ்தீனப் பெண்மணியின் குளியலறை. தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு அங்கே குழாய் திறக்கும். ஆறு இருபதுக்கு நிற்கும். ஓர் ஆளுக்கு நாற்பது நிமிடத் தண்ணீர் எதற்கு? நான் எல்லாவற்றையும் கொப்பியில் குறிப்பவன். இதையும் குறித்தேன்.

ஒருநாள் லிஃப்டில் அவரிடம், எங்கே வளர்ந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"காம்பில். பிறந்ததும் அங்கேதான். வாசலில் சோதனைச்சாவடி இருக்கும்."

நாங்கள் பிறந்த ஊரில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப், இராணுவம் இருக்கும் இடம். அன்றைய பக்கத்தில் எழுதினேன்: 'தகப்பன் ஆமிக்காரனோ?'

மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குப் பூனை குறுக்கால போனாலும் சிஐடிதான்."

பிறகு அவருக்குக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கண்டது. கட்டடத்தைப் பராமரிப்பவர் நம்மவர். என்னிடம் வந்தார்.

"அண்ணை, உங்கட பக்கத்து வீட்டுக்காரி உவ வாளி வாளியாத் தண்ணி பிடிச்சு வைச்சு நிலத்தில ஊத்துறாவாம். வீட்டை விட்டு எழும்பச் சொல்லி ஒபிஸ் நோட்டீஸ் குடுக்கப்போகுது. உங்கட கொப்பியில நேரம் எல்லாம் இருக்குமெல்லோ? நாளைக்குத் தாங்கோ."

"ஓம்" என்றேன். ஆனால் கண்ணால் பார்க்காததற்கு நான் சாட்சி சொல்வதில்லை. மாலை அந்தப் பெண்மணியின் கதவைத் தட்டினேன்.

உள்ளே குளியல் தொட்டி நிறையத் தண்ணீர். சுவரோரம் வாளிகள், போத்தல்கள். ஒவ்வொன்றிலும் பிடித்த திகதி ஒட்டியிருந்தது. பழையதைச் சிங்கில் ஊற்றிவிட்டுத் தினமும் புதிதாகப் பிடிப்பாராம். குனிந்து கால்மிதியின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"ஏன் இவ்வளவு தண்ணீர்?"

"காம்பில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் உப்பு. மின்சாரம் இருந்தால்தான் மோட்டார் மேலே ஏற்றும். இரண்டும் ஒன்றாக வருகிற நேரத்துக்கு அம்மா காத்துக்கொண்டிருப்பார். ஒழுங்கையில் தலைக்கு மேலே கரண்ட் வயரும் தண்ணீர்க் குழாயும் பின்னிக்கொண்டு தொங்கும். கரண்ட் அடித்துவிடும் என்று அம்மா மழைக்கு எங்களை வெளியே விடமாட்டார். கிளினிக் இருந்தது; நாம் இருமி முடிப்பதற்குள் டாக்டர் மருந்து எழுதிவிடுவார்."

"ஆமி?"

"ஆமி வாசலுக்கு வெளியே. நாங்கள் உள்ளே."

எங்களிடம் இரண்டு சொல் உண்டு. ஆமி இருந்தது காம்ப். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்து வாங்கு மேசைகளுக்கு இடையில் நாங்கள் படுத்தது முகாம். அவர் சொன்னது முகாமை. நகரத்துக்கு நடுவே, மாடிக்கு மேல் மாடி கட்டி, மூன்று தலைமுறையாக முடியாத முகாம்.

வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். போன மாதம் அவர் பெட்டியோடு பிக்கரிங்கில் மகள் வீட்டுக்குப் போனதைக் குறித்திருந்தேன். அடுத்த ஆறு நாளும் 'சத்தம் இல்லை'. பராமரிப்பவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"கீழ்வீட்டில ஈரம் எப்ப கண்டது?"

அவர் சொன்ன திகதி அந்த ஆறு நாளில் நான்காவது.

மறுநாள் பராமரிப்பவரிடம் கொப்பியைக் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டி, "உது என்ன அண்ணை, ஆமிக்காரனோ?" என்றார்.

"அது பிழை. திருத்தவேணும்."

குளியலறைச் சுவரை உடைத்தார்கள். உள்ளே பழைய குழாய் இற்றுப்போயிருந்தது. நோட்டீஸ் வரவில்லை.

அந்த ஆறு நாளைக் குறித்த என் கொப்பிதான் காப்பாற்றியது என்று பராமரிப்பவர் அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு நன்றி சொல்ல வந்தார். கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு கையை விட்டார்.

"நான் ஆறு நாள் இல்லாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

படுக்கையறைச் சுவரைக் காட்டினேன். சுவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போதும் ஐந்து நாற்பதுக்கு விழித்துவிடுகிறேன். சத்தம் இல்லை. தண்ணீர் பிடிப்பதை அவர் விட்டிருக்கமாட்டார். நூல் மாதிரி ஓடவிட்டால் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்காது.