வாய் வைத்த பாட்டில்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு, திருவள்ளூரிலிருந்து அக்காவின் கணவர் தங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். அவர்கள் குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கும் தண்ணீர். நைட்ரைட் மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து.

தங்க நுண்துகள் பூசிய சென்சாரை அதில் முக்கினேன். திரையில் கோடு மேடாக எழும்பியது, நைட்ரைட்தான். அப்போதுதான் கவனித்தேன், பாட்டிலில் பாதிதான் இருந்தது.

“மாமா, இதுல வாய் வச்சுக் குடிச்சீங்களா?”

“பஸ்ல தாகமா இருந்திச்சி. இன்னா இப்போ?”

“எச்சில்லயே நைட்ரைட் இருக்கு, மாமா! ஒரு நிமிஷத்துல என் உசுரே போச்சு!”

மறுநாள் கழுவிய பாட்டிலில் புதுத் தண்ணீர் வந்தது. கோடு மட்டமாகவே ஓடியது. தண்ணீரில் குறையில்லை, மாமா வாய் வைத்ததைத்தான் தங்க சென்சார் காட்டிக்கொடுத்தது என்று அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். அழுதாள், பிறகு வெடித்தாள்.

“அண்ணாந்து குடிங்கன்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிக்கினு கீறேன். தங்கம் சொன்னாத்தான் கேப்பாராமா?”