கடன் பத்திரத்துக்குக் கைநாட்டு

கரடிக்குப் பயப்படாத குப்பம்மாள் காகிதத்துக்குப் பயந்தாள். அழகுக்காகச் சொல்லவில்லை. இலுப்பைப் பூ பொறுக்கப் போன இடத்தில் கரடி எதிரே வந்தபோது, கூடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டியே அதை விரட்டியவள் அவள். அதே குப்பம்மாள் எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசற்படியைத் தாண்ட மாட்டாள். வீட்டு வரி ரசீதை நான்தான் வெளியே எடுத்து வந்து நீட்ட வேண்டும். விரல் படாமல் முந்தானையில் ஏந்திக்கொள்வாள்.

நான் அந்த ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். மேல்கானாறு என்ற எங்கள் ஊர் ஜவ்வாது மலையின் காலடியில் இருக்கிறது. கீழே ஊர், மேலே சரிவில் நாலு குக்கிராமம், எல்லாம் சேர்ந்து ஒரே பஞ்சாயத்து. குப்பம்மாள் மேலே இருந்தாள். சாமை விதைப்பாள், புளி உலுக்கி மூட்டை கட்டுவாள். அவளுடைய ஒரே மகள் பாஞ்சாலையைக் கீழே ரைஸ்மில்லில் வேலை செய்யும் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

அவளுடைய பயம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். அவள் புருஷன் மாதையன் ஒரு ஜோடி மாட்டுக்காகக் கீழே ஒரு கடைக்காரரிடம் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தான். அந்தக் காகிதத்துக்குக் கடன் பத்திரம் என்று பெயர். மூன்றாம் வருஷம் ஒரு காலை நேரம், சோறு வெந்துகொண்டிருக்கும்போது நாலு ஆட்கள் வந்தார்கள். வீட்டுச் சாமான்களைக் கொதிக்கிற பானையோடு எடுத்து வெளியே வைத்தார்கள். ரெண்டு ஏக்கர் காடும் ஏழு புளியமரமும் அன்றோடு போயிற்று. மாதையன் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. அவள் இடுப்பில் கைக்குழந்தையோடு இன்னும் மேலே ஏறி, கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு துண்டைத் திருத்தி, அதில் குடிசை போட்டுப் பிழைத்தாள். காய்க்கிற புளியமரம் நாலு அதில் இருந்தது. அதற்குப் பட்டா வாங்கவே அவளுக்கு எட்டு வருஷம் ஆயிற்று.

ஐம்பத்தெட்டாம் வருஷம் எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீரும் தெரு விளக்கும் கொண்டுவருவது என்று பேச்சு எழுந்தது. அதுவரை எங்களுக்குக் கானாறுதான் எல்லாம். கோடையில் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிப்போம். அதே கானாற்றில் மாடும் குளிக்கும், மனுஷனும் கால் கழுவுவான். செலவில் பாதியை மேலிடம் கொடுக்கும், மீதியை ஊர் திரட்ட வேண்டும் என்றார்கள். ஊரிடம் ஏது அவ்வளவு? பஞ்சாயத்தே பத்திரம் போட்டுக் கடன் வாங்குவது, வசதி உள்ளவர்கள் பணம் கொடுத்து அந்தப் பத்திரத்தை வாங்கிக்கொள்வது, பதினைந்து வருஷத்தில் வரிப் பணத்திலிருந்து திருப்புவது என்று ஏற்பாடு. ஜனங்களுக்குச் சம்மதமா என்று ஓட்டெடுக்க வேண்டும். பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேராவது நேரில் வந்து சம்மதம் என்று போட்டால்தான் செல்லும்.

ஊரெல்லாம் ஒட்ட வேண்டிய நோட்டீஸை நான் எழுதினேன். பிரசிடெண்ட் கோபால்சாமி அதைப் படித்துவிட்டு, "தண்ணி ஓட்டுன்னு எழுதிடுங்களேன். ஜனங்களுக்குப் புரியும்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சர்க்கார் தாளில் என்ன சொல் இருக்கிறதோ அதைத்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கொட்டை எழுத்தில் எழுதினேன்: கடன் பத்திரத்துக்கு ஓட்டெடுப்பு. அந்த ஒரு வார்த்தையில் நான் எத்தனை பேர் வயிற்றில் நெருப்பை வைத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குப்பம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். படிக்குக் கீழேதான்.

"ஐயா, கடன் பத்திரம்னு ஒட்டிக்கீறாங்களாமே. யாரு கடன் வாங்குனது?"

"யாரும் வாங்கலம்மா. இனிமேதான் வாங்கணும்."

"யாரு?"

"ஊருதான்."

"ஊருன்னா?"

எனக்கு அன்று வேலை தலைக்கு மேல். "ஊருன்னா ஊருதான். நீயும்தான், நானும்தான். போய்ட்டு ஓட்டு அன்னைக்கு வா" என்றேன்.

அவள் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கக்கூட இல்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓட்டெடுப்பு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பச்சைப் பெட்டி சம்மதத்துக்கு, சிவப்புப் பெட்டி மறுப்புக்கு. ஒருவரே இரண்டு முறை போட்டுவிடக் கூடாதே என்று பட்டியலில் அவரவர் பெயருக்கு எதிரே கையெழுத்து வாங்கினோம். தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. அதற்காக மேஜையில் நீல மைப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். மத்தியானம் மலைக்காரர்கள் அறுபத்து மூன்று பேர் ஒன்றாக இறங்கி வந்தார்கள். முதலில் நின்றவள் குப்பம்மாள்.

பெயரைக் கண்டுபிடித்து, "கட்ட வெரலக் குடும்மா" என்றேன்.

அவள் மைப் பெட்டியைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். வலது கையை இறுக மூடிக்கொண்டு அதைப் புடவைக்குள் மறைத்தாள்.

"கை வெக்காம போடறதுக்கு வழி இல்லீங்களா?"

வெயில், புழுக்கம், காலையிலிருந்து சாப்பாடு இல்லை. என் முன்கோபம் ஊர் அறிந்தது. "வெய்யிம்மா! கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?" என்று கத்தினேன்.

அவள் பின்னால் திரும்பினாள். "வாங்கடா போலாம். கைநாட்டு கேக்கறாங்க" என்றாள். அவ்வளவுதான். அறுபத்து மூன்று பேரும் மந்தை கலைந்த மாதிரி போனார்கள். சிலர் ஓடினார்கள். ஒரு கிழவர் செருப்பைக் கூட விட்டுவிட்டுப் போனார்.

மாலையில் எண்ணிப் பார்த்தோம். நாற்பத்திரண்டு ஓட்டுக் குறைந்தது. திட்டம் அப்படியே நின்றது. கோபால்சாமி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் மறுவாரம் மலைக்கு ஏறிப் போய் எல்லோரையும் கூட்டிப் பேசினார். நானும் போனேன். காடு கரை யாருடையதும் போகாது, கடன் பஞ்சாயத்துடையது என்றார். குப்பம்மாள் எழுந்து, "கட்டலன்னா?" என்று கேட்டாள். வரி போட்டுக் கட்டுவோம் என்றார். "வரி யாரு குடுக்கறது?" என்றாள். "எல்லாரும்தான்." "அப்ப கடன் எங்களுதுதானே" என்றாள். கோபால்சாமி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

மறு வருஷம் பங்குனியில் கானாறு ஊற்று கலங்கலாக வந்தது. பத்து நாளில் கீழ்த்தெருவில் ஒருவர் வாந்திபேதியில் போனார். மறுநாள் மூன்று பேர். அந்தப் பயத்தை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலையில் பேசிக்கொண்டிருந்தவரை மாலையில் தூக்கிப் போனார்கள். யார் வீட்டிலாவது ஒருவர் ஓங்கரித்தால் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுக்கவே கை கூசியது. ஆனால் தாகத்துக்கு என்ன செய்வது? அதே தண்ணீரைத்தான் குடித்தோம், கண்ணை மூடிக்கொண்டு.

ஏழாவது நாள் பாஞ்சாலைக்குக் கண்டது. அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். சேதி மேலே போய்க் குப்பம்மாள் இறங்கி வருவதற்குள் பெண்ணின் கண் குழிக்குள் போய்விட்டது. விரல் நுனியெல்லாம் சுருங்கி, குரல் அடைத்து, காற்று மட்டும் வந்தது. தொட வேண்டாம் என்று பக்கத்து வீட்டார் கத்தினார்கள். குப்பம்மாள் மகளை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெளியே போகப் பயமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வந்திருந்த இக்பால் பாயின் லாரி கடைத்தெருவில் நின்றிருந்தது. அவர் பாதி ஏற்றிய மூட்டைகளைக் கீழே தள்ளச் சொன்னார். "ஏறும்மா, ஏறும்மா, போளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்" என்றார். பிறகு ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், நீங்க வர்லீங்களா? அங்க பேச ஒரு ஆளு வேணும்ல" என்றார். வெட்கத்தில் ஏறினேன்.

பாஞ்சாலைக்கு நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். இரண்டு நாள் ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நர்சம்மா படுக்கை அருகே வந்து, எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று விசாரித்தார். ஆற்று ஊற்று என்றேன். "குழாத் தண்ணி இல்லியா ஒங்க ஊர்ல? அது இருந்திருந்தா இந்தப் பொண்ணுக்கு இது வந்திருக்காது. மறுபடி அதையே குடிச்சா மறுபடி வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குப்பம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "அந்த ஓட்டு இன்னொருவாட்டி வருமாங்க?" என்று கேட்டாள். கேட்டுப் பார்க்கிறோம் என்றேன்.

அந்த முறை பதினோரு பேர் போனார்கள். கோபால்சாமி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஆவணியில் மறு ஓட்டுக்கு உத்தரவு வாங்கினார். இந்தத் தடவை நோட்டீஸில் தண்ணி ஓட்டு என்றே எழுதினேன். ஆனால் பட்டியல் அதேதான், மைப் பெட்டியும் அதேதான். விதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

பள்ளிக்கூடக் கதவைத் திறக்கும்போதே குப்பம்மாள் வாசலில் நின்றாள். தனியாக வந்திருந்தாள். நான் கேட்கும் முன்பே கட்டை விரலை நீட்டினாள். விரல் ஆடிய ஆட்டத்தில் ரேகை சரியாக விழவில்லை, இரண்டாம் முறை அவள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. சீட்டைப் பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஐயா, ஆளுங்க எப்ப வருவாங்க?"

குழாய் புதைக்கிற ஆட்களைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மனசு நிறைந்துபோயிற்று. "ஓட்டு தேறுனா ரெண்டே மாசத்துல வந்துடுவாங்க. நேரா ஒங்க பக்கம்தான் மொதல்ல வருவாங்க" என்றேன். குழாய்க்கான கிணற்றை மலையடியில் வெட்டுவதாகத்தான் திட்டம். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஓட்டு தேறியது. மலைக்காரர்களில் நாற்பது பேருக்கு மேல் வந்து போட்டார்கள். கோபால்சாமி வெல்லம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். அதில் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பாஞ்சாலை வீட்டுக்கு நான் போனேன்.

வாசலில் மண்பானைகள் அடுக்கியிருந்தன. முறம், அரிவாள், சுருட்டிய பாய், கால் கட்டிய இரண்டு கோழிகள். ஒரு கந்தல் மூட்டை மேல் குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"வூட்டக் காலி பண்ணிட்டேங்க. நேத்தே ரெண்டு நடையில கொண்டாந்துட்டேன். அவுங்க வந்து தூக்கிப் போடறத இன்னொருவாட்டி என்னால பாக்க முடியாது" என்றாள். பிறகு, "சாமை இன்னும் முத்தல. ரெண்டு மாசம் கீதுன்னு சொன்னீங்க, அதுக்குள்ள அறுத்துக்கலாங்களா? இல்ல அதுவும் அவுங்களுதுங்களா?" என்று கேட்டாள்.

காலையில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்தேன். "யாரும் வர மாட்டாங்கம்மா. நான் கொழா போடற ஆளுங்களச் சொன்னேன். ஒன் காடு ஒன்னுதுதான், ஒருத்தனும் தொட முடியாது. என் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன்" என்றேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், ஏதோ நான்தான் காட்டை இழந்தவன் என்பது போல. "எங்கூட்டுக்காரர்கிட்டயும் அந்தக் கடைக்காரரு புள்ளைங்க மேலதான் சத்தியம் பண்ணாருங்க" என்றாள்.

உள்ளே பாஞ்சாலை இருமினாள். குப்பம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக் கவனித்துக் கேட்டாள். அது வெறும் இருமல்தான் என்று தெரிந்ததும் மறுபடி என் பக்கம் திரும்பினாள்.

"காடு போனாப் போவட்டும். கொழா வரும் இல்லீங்களா?"

"வரும்" என்றேன்.

அன்று நான் சொன்னதில் அதை மட்டும்தான் அவள் நம்பினாள்.