விறாந்தைத் தொங்கலில் நின்றவர்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் எனக்குப் பக்கத்து அறையில் அந்த அம்மா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து வைத்தியத்துக்கு வந்தவர். கழுத்தின் குறுக்கே புதிய தழும்பு. யாராவது பார்த்தால் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார். தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியை வெட்டி எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் நோய்க் கலங்களை அழிக்கக் கதிரியக்க அயடீன் குளிசை கொடுத்து, சில நாள் தனியறையில் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். வந்ததிலிருந்து யாரைக் கண்டாலும் விறாந்தைத் தொங்கலுக்கு, அந்தக் கடைசி மூலைக்கு, ஒதுங்கிவிடுவார்.

கனடா போகக் காத்திருந்த அவருடைய மகளும் கைக்குழந்தையும் எதிர் அறையில் இருந்தார்கள். அந்தக் கிழமையே, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவர்களை ஏற்ற வான் அனுப்பிவிட்டான்.

மகள் அழுதுகொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளையை ஒருக்காத் தூக்குங்கோவன் அம்மா. ஒரு நிமிசத்தில என்ன வரப்போகுது?"

"எனக்கு ஒண்டும் வராது தம்பி. மருந்தின்ர கதிர் என்ர உடம்பில இருந்து இன்னும் வெளிய வருதாம். கைக்குழந்தையளுக்குக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். இன்னும் கொஞ்ச நாள்தான். அது ஏஜென்சிக்காரனுக்கு விளங்குமே?"

குழந்தை இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டியது. அவர் இன்னும் ஓர் அடி பின்னால் போனார்.

வான் போன பிறகு, குழந்தை கிடந்த பாயைச் சுருட்ட வந்த லொட்ஜ்காரப் பெண்ணிடம், "அதை விடுங்கோ பிள்ளை" என்றார். பிறகு அதில் போய்ப் படுத்துக்கொண்டார்.

தைரொயிட் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால், உண்மைதான் என்று தலையாட்டுகிறேன். அவருக்கும் குணமாகியிருக்கும். எனக்கு அந்தப் பாய்தான் கண்ணுக்குள் நிற்கிறது.