கூரைக்கு வாங்கிய தண்ணீர்

எண்பதுகளில், மழை பொய்த்துப்போன ஒரு கோடையில், அரூர் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ மில்லின் கூரையைப் பிரிக்கும் வேலைக்குச் சூப்பர்வைசராகப் போயிருந்தேன். கூரை முழுக்கக் கல்நார் சீட்டு, ஆஸ்பெஸ்டாஸ். வெயிலிலும் மழையிலும் மக்கி, தொட்டால் மாவாக உதிர்ந்தது.

என் அண்ணன் ஒரு நூல் மில்லில் பாய்லர் குழாய்களுக்குக் கல்நார் சுற்றிக்கொண்டிருந்தவன். கடைசியில் படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்துச் செத்தான். நுரையீரல் முழுக்கத் தூசி என்றார் டாக்டர். அதைப் பார்த்தவனுக்குச் சம்மட்டியால் சீட்டை அடித்துத் தள்ள எப்படி மனசு வரும்? முதலில் நனைக்க வேண்டும், போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும், உடைந்ததை ஈரம் காய்வதற்குள் சாக்கில் கட்டிக் குழியில் புதைக்க வேண்டும், எல்லோரும் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டேன்.

"சார் கூரைக்குப் பிரசவம் பாக்கறாருங்க" என்று மேஸ்திரி சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலாளியிடம் மன்றாடி, தினம் ஒரு டேங்கர் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தேன். முதல் நாள் வேலை ஒழுங்காக நடந்தது. மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், ஷெட்டுக்குள் வெள்ளைத் தூசி புகையாக எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் காய்ந்த தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். டேங்கர் தண்ணீரை நிரப்பி வைத்திருந்த டிரம்கள் காலி. சுவரோரம் நிறைகுடங்கள் வரிசையாக நின்றன. மூக்கில் கட்டிக்கொள்ள நான் கொடுத்த துணிகளையெல்லாம் குடங்களின் வாயில் கட்டி வைத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன். அவர்களில் மூத்தவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"தூசி தண்ணியில வுழுந்துடுமுங்க சார். அதான் கட்டினோம்."

"உன் நெஞ்சுக்குள்ள விழுந்தா பரவாயில்லையா? எங்கண்ணன் அப்படித்தான் செத்தான்."

"கேக்கவே பாவமா இருக்குதுங்க. ஆனா எங்கூருக் கெணறு வறண்டு மாசமாச்சு. வூட்டுல புள்ளைங்க இன்னிக்குக் குடிக்கத் தண்ணியில்லாம கெடக்குதுங்க. என்னிக்கோ வர்ற சீக்குக்கு இந்தத் தண்ணிய எப்படிங்க சார் கூரையில ஊத்தறது?"

திட்டத்தில் போல்ட்டு, சாக்கு, குழி என்று எல்லாம் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. குடங்களைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு முதலாளியிடம் போனேன். குடிக்க ஒரு டேங்கர், நனைக்க ஒரு டேங்கர் என்று கேட்டேன். அவர் ஒன்றே அதிகம் என்றார். அப்படியானால் மழை வரும்வரை கூரையைத் தொட வேண்டாம் என்றேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வேறு சொல்லித் தொலைத்தேன். என்னை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். நான் போய்விட்டால் வேலை நின்றுவிடும் என்றுதான் அப்போது நம்பினேன்.

அடுத்த வாரம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது மில் வாசலில் ஆள் ஏற்ற நின்றது. உள்ளே சம்மட்டிச் சத்தம் கேட்டது. அதே பெண்கள் உடைந்த சீட்டுகளைத் தலையில் சுமந்து வந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் துணி இல்லை. மூத்தவள் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் ஓடி வந்தாள். புருவமும் இமையும் வெளுத்திருந்தன. அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அப்படித்தான் இருப்பான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாங்க தண்ணி எடுத்ததாலதான் உங்கள அனுப்பிட்டாங்களாமே. கோவிச்சுக்காதீங்க சார்."

"அதெல்லாம் இல்லம்மா. முந்தானையால மூக்கை மூடிக்க."

அவள் சொன்னபடி மூடிக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. முந்தானைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"இப்ப டேங்கரும் வர்றதில்லைங்க சார்."