செஞ்சி ஏரிக்கரையில் ஒரு கடல் பரீட்சை

காலை ஆறரைக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் வண்டி மாறி இருபத்தெட்டு கிலோமீட்டர் போனால் செஞ்சி. ஜன்னலுக்கு வெளியே பாறை மேல் பாறை. இந்த ஊருக்கு நான் யாட், அதாவது உல்லாசப் படகு ஓட்டும் லைசென்ஸ் விஷயமாகப் போனேன் என்றால் சிரிப்பீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் சலீம் பைக்கோடு நின்றான். சென்னையில் படகோட்டும் பயிற்சியில் என்னோடு படித்தவன். வளைகுடாவில் ஒரு செல்வந்தரின் யாட்டில் கயிறு இழுத்துத் தளம் கழுவியவன். சான்றிதழோடு வந்தால் கேப்டன் வேலை, குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சொந்தப் படகுதானே என்று யாரும் இஷ்டத்துக்கு ஓட்டிவிட முடியாது. எழுத்துத் தேர்வு, வயர்லெஸ் தேர்வு, கடலில் ஓட்டிய நேரத்துக்கு அத்தாட்சி எல்லாம் வேண்டும். அத்தனையும் முடித்துவிட்டான். மிச்சம் மருத்துவச் சோதனை. அதற்கு முன் இரவு விளக்குப் பாடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் என்னை வரச்சொன்னான்.

மதியம் அவன் வீட்டில் மனைவி ஆயிஷா பிரியாணி பரிமாறினாள். மூலையில் புதுப் பெட்டி ஒன்று இருந்தது.

"அண்ணே, அங்க ஸ்கூல்ல தமிழ் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டாள்.

மாலை ஆறே முக்காலுக்குச் சிங்கவரம் ரோட்டு ஏரிக்கரைக்குப் போனோம். இரண்டு டார்ச்சுகளில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தேன். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. உலகம் முழுக்க அதுதான் சட்டம். இடக்கையில் சிவப்பு, வலக்கையில் பச்சையோடு ஐம்பதடி தள்ளி அவனைப் பார்த்து நின்று, இடக்கையைத் தூக்கினேன். "சிவப்பு!" என்றான். வலக்கை. "பச்சை!" கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கொசு கடித்தது. டார்ச்சுகளைக் கீழே வைத்துச் சொறிந்துவிட்டு, மறுபடி எடுத்தபோது கை மாறிவிட்டது. இடக்கையில் பச்சை. தூக்கினேன்.

"சிவப்பு!"

"விளையாடாதடா."

"இன்னாபா, சிவப்புதான்!"

இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கை மாற்றி மாற்றிக் காட்டினேன். கைகளை மட்டுமே பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான், பாதி தப்பு. பிறகு ஒரு டார்ச்சை மட்டும் கல்மேல் வைத்துவிட்டு விலகிக்கொண்டேன். பக்கத்தில் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்துத் தப்பாகவே சொன்னான்.

"இன்னொருவாட்டி வைய்யி."

வைத்தேன். இம்முறையும் தப்பு.

"போட்டுல எந்தப் பக்கம் இன்னா கலர்னு மனப்பாடம்பா. அந்த யாட்டுல நாங்க ராத்திரில போனதே இல்ல," என்றான்.

இது நிறக்குருடு; கண்ணாடி போட்டுச் சரிசெய்யும் குறை இல்லை, மருத்துவச் சோதனையில் தெரிந்துவிடும். இருட்டில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த நிறம்தான் சொல்லும். தெரியாதவனிடம் யாரும் படகைத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. சட்டத்தைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

பைக்கில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டான். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலருகே வந்தான். "ஆயிஷா பெட்டில துணி அடுக்க ஆரம்பிச்சுட்டா. இன்னான்னு சொல்றது?"

பஸ் கிளம்பிவிட்டது.

என் வீடு காசிமேட்டுப் பக்கம். மறுநாள் அந்தி சாய்ந்ததும் வழக்கம்போல மொட்டைமாடிக்குப் போனேன். தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு நகர்ந்தது, அதன் பின்னால் ஒரு பச்சை. பார்க்கப் பிடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.